குற்றம் தசையில் இல்லை

2021 டிசம்பர். ராஞ்சியில் 15 வயதுக்குட்பட்டோருக்கான தேசிய மல்யுத்தப் போட்டி. இந்திய மல்யுத்த சம்மேளனத்தின் அன்றைய தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மேடையில் இருக்கிறார். வயது வரம்பில் சிக்கி விலக்கப்பட்ட இளம் மல்லன் ஒருவன் மேடையேறி, தன்னை விளையாட விடும்படி கேட்கிறான். தலைவர் அவனைக் கன்னத்தில் அறைகிறார். அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. நானும் பலமுறை பார்த்தேன். அறைந்த கையைவிட, அறை வாங்கியவனின் கைகள்தான் என்னை உறுத்தின. எதிராளியை இடுப்போடு பிடித்துத் தூக்கிச் சாய்க்கப் பழகிய கைகள் அவை. அவன் திருப்பி அடிக்கவில்லை.

விளையாட்டு வீரர்களையும் குற்றத்தையும் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஒரே கருத்துதான் இரண்டு வேடத்தில் வருகிறது. வீரர் ஒருவர் குற்றம் செய்தார் என்று செய்தி வந்தால், “உடம்பில் அவ்வளவு பலத்தை ஏற்றினால் கை சும்மா இருக்குமா? முரட்டு ஆட்டம் முரட்டு ஆளைத்தான் உண்டாக்கும்” என்கிறோம். வீராங்கனை ஒருவர் தனக்குக் கொடுமை நடந்ததாகச் சொன்னால், “ஒலிம்பிக்கில் மெடல் வாங்கியவளை எவன் தொட முடியும்? அங்கேயே ஓங்கி ஒன்று விட்டிருக்க வேண்டியதுதானே?” என்கிறோம். முதல் பேச்சில் உடல்பலம் குற்றத்துக்குக் காரணமாகிறது. இரண்டாவது பேச்சில் அதே உடல்பலம் புகாரைப் பொய்யாக்கும் சாட்சியாகிறது.

இந்தக் கருத்து முழுத் தவறு என்பதே என் வாதம். வீரர் செய்யும் குற்றத்துக்கும் வீரருக்கு இழைக்கப்படும் குற்றத்துக்கும் வேர் ஒன்றே. யாரைக் கேள்வி கேட்க முடியாதோ, அவர் கையில்தான் அந்த வேர் இருக்கிறது. சில சமயம் அவர் பதக்கம் வென்ற வீரராக இருப்பார். சில சமயம் பதக்கத்துக்கு அனுப்புகிறவராக இருப்பார். உடலின் வலுவைப் பேசிக்கொண்டிருக்கும் வரை இந்த உண்மை நம் கண்ணில் படாது.

எங்கள் பள்ளியில் ஒரு பி.டி. மாஸ்டர் இருந்தார். கபடி அணியின் கேப்டனை, பதினேழு வயதிலேயே ஆறடி வளர்ந்த பையனை, எல்லார் முன்னாலும் மண்டி போடவைத்துப் பிரம்பால் அடிப்பார். அவன் நினைத்தால் அவரை ஒற்றைக் கையால் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. மாவட்டப் போட்டிக்குப் போகிறவர்களின் பெயரை எழுதும் பேனா அவருடைய சட்டைப்பையில் இருந்தது. பட்டியலில் பெயர் வந்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா. பிறகு ரயில்வேயிலோ போலீசிலோ ஒரு வேலை. ஒரு குடும்பத்தின் விதியே அந்தப் பேனா முனையில் நின்றது. பலம் எங்கே குடியிருக்கிறது என்று அன்று எனக்குப் புரியவில்லை. ராஞ்சிக் காட்சியைப் பார்த்தபோது புரிந்தது.

பிடி போடாமல் கிடைத்த தங்கம்

குற்றம் சாட்டப்பட்ட வீரரிடமிருந்து தொடங்குகிறேன். சுஷில் குமார். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம், 2012 லண்டனில் வெள்ளி. சுதந்திர இந்தியாவில் தனிநபர் போட்டிகளில் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியர். 2010இல் மாஸ்கோவில் உலகச் சாம்பியன். லண்டன் தொடக்க விழாவில் நம் கொடியை ஏந்தி நடந்தவர். 2021 மே 4ஆம் தேதி இரவு டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்தில் நடந்த தாக்குதலில் சாகர் தன்கர் என்ற 23 வயது மல்லர், முன்னாள் ஜூனியர் தேசியச் சாம்பியன், படுகாயமடைந்து இறந்தார். சுஷில் தலைமறைவானார். டெல்லி போலீஸ் அவர் தலைக்கு ஒரு லட்சம் ரூபாய் விலை வைத்தது. மே 23ஆம் தேதி கைதானார். 2022 அக்டோபரில் நீதிமன்றம் அவர் மீதும் மற்றவர்கள் மீதும் கொலைக் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் பேசுவது நாம் சொன்ன விளக்கத்தைப் பற்றி.

“மல்யுத்தக்காரன் புத்தி அவ்வளவுதான்” என்பதே அன்று ஊர் சொன்ன விளக்கம். போலீஸ் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டாலும் இந்த விளக்கம் நிற்காது. போலீஸ் தரப்பின்படி அன்றிரவு ஆட்களைக் கடத்திவந்திருக்கிறார்கள், கூட்டமாகச் சூழ்ந்து தடிகளால் அடித்திருக்கிறார்கள், அதைக் கைபேசியில் படமும் எடுத்திருக்கிறார்கள். இதற்கு மல்யுத்தம் எதற்கு? ஆள் சேர்க்கத் தெரிந்தால் போதும். எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்று பாருங்கள். கொரோனா ஊரடங்கில் டெல்லி முழுக்க அடைந்து கிடந்த நேரம். இடமோ அரசாங்க மைதானம். அந்த மைதானத்தில் சுஷில் ரயில்வேயிலிருந்து அயல்பணியில் வந்த அதிகாரி. அவருடைய குருவும் மாமனாருமான சத்பால் கட்டியெழுப்பிய பயிற்சிக் களம் அது. அந்த இரவில் அந்த வாயிற்கதவு திறந்தது தோள்வலிமைக்கா, பதவிக்கா?

நான்கு ஆண்டு பின்னே போவோம். 2017 நவம்பர், இந்தூர், தேசியச் சாம்பியன்ஷிப். மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு சுஷில் களம் இறங்கினார். கால் இறுதியிலும் அரை இறுதியிலும் இறுதியிலும் எதிராளிகள் மோதாமலேயே விலகிக்கொண்டார்கள். மூன்று பெரிய சுற்றிலும் ஒரு பிடிகூடப் போடாமல் தங்கம் அவர் கழுத்தில் விழுந்தது. பார்த்தவர்கள் அதைக் குருபக்தி என்று மெச்சினார்கள். அடுத்த மாதமே, காமன்வெல்த் போட்டிக்கான தேர்வில், இறுதியில் விலகிக்கொடுத்த அதே பர்வீன் ராணா இந்த முறை விலகாமல் மோதினார். போட்டி முடிந்ததும் சுஷிலின் ஆதரவாளர்கள் தன்னையும் தன் அண்ணனையும் அடித்ததாக ராணா புகார் கொடுத்தார், சுஷில் மறுத்தார், போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டது. சில மாதத்தில் சுஷில் கோல்ட் கோஸ்ட்டில் தங்கம் வென்றார். புகாரைப் பற்றி யாரும் பேசவில்லை.

மல்யுத்தக் களத்தில் எதிராளி பணிந்து விலகுகிறான். பணியாதவன் அடி வாங்கியதாகப் புகார் கொடுக்கிறான். புகாரின் மேல் பதக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த வரிசையில் தசைக்கு எங்கே இடம்? பணிந்தவர்களும் தசை உள்ளவர்கள்தானே?

இந்த வழக்கில் 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஆகஸ்ட் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புகழ்பெற்ற வீரர் என்ற முறையில் சமூகத்தில் அவருக்கு உள்ள செல்வாக்கு சாட்சிகளைப் பாதிக்காது என்று சொல்ல முடியாது என்பது நீதிமன்றத்தின் கவலைகளில் ஒன்று. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அஞ்சியது செல்வாக்குக்கு. நாம் மட்டும் இன்னும் அவருடைய தோள் அளவைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முரட்டு ஆட்டம் முரடனை உண்டாக்கும் என்றால், அதே சத்ரசால் மண்ணில் புரண்டு எழுந்த மற்றவர்களை என்ன சொல்வீர்கள்? டோக்கியோவில் வெள்ளி வென்ற ரவி தஹியா அங்கே வளர்ந்தவர். சிறுவயதிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்து, அந்த மைதானத்தையே வீடாக்கிக்கொண்டு, 2024 பாரிஸில் வெண்கலம் வென்ற அமன் ஷெராவத் அங்கே வளர்ந்தவர். விடியும் முன் எழுந்து, கயிறு ஏறி, தண்டால் எடுத்து, பால் குடித்து உறங்கப் போகும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். உண்மையில் அந்தப் பயிற்சி முதலில் கற்றுக்கொடுப்பதே அடக்கத்தை. நடுவர் விசில் ஊதிய நொடியில் பிடியை விடத் தெரியாதவன் மல்லன் ஆக முடியாது.

முரட்டு ஆட்டமே இல்லாத இடத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 1988 டிசம்பர் 27. பாட்டியாலாவில் வண்டி நிறுத்துவதில் வந்த தகராறில் அடிபட்டு 65 வயது முதியவர் இறந்தார். அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து. 1999இல் கீழ் நீதிமன்றம் விடுவித்தது. 2006இல் உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டுச் சிறை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு விட்டது. 2022 மே மாதத்தில், சீராய்வில், அதே நீதிமன்றம் ஓராண்டுச் சிறை என்றது. கிரிக்கெட் வீரரின் வலுவான கையே ஆயுதமாகலாம் என்று அந்தத் தீர்ப்பு கருதியது. அடியின் கனத்தை அளக்க உடலைப் பார்ப்பது நியாயம்தான். ஆனால் அடிக்கும் தண்டனைக்கும் இடையே 33 ஆண்டு ஓடியதே, அதை எந்தத் தசை ஓட்டியது? அந்த இடைவெளியில் அவர் இந்திய அணிக்கு விளையாடினார், வர்ணனை செய்தார், எம்.பி. ஆனார், மாநில அமைச்சர் ஆனார். இறந்தவரின் குடும்பம் நீதிமன்ற வராந்தாவில் மூப்படைந்தது.

பலசாலிகள் ஏன் பேசவில்லை?

இனி மறுபக்கம். 2023 ஜனவரி 18. டெல்லி ஜந்தர் மந்தரில் நாட்டின் முன்னணி மல்யுத்த வீரர்கள் உட்கார்ந்தார்கள். 2016 ரியோவில் வெண்கலம் வென்று, மல்யுத்தத்தில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணான சாக்ஷி மாலிக் இருந்தார். உலகச் சாம்பியன்ஷிப்பில் இரண்டு முறை வெண்கலம் வென்ற வினேஷ் போகட் இருந்தார். டோக்கியோ வெண்கலக்காரர் பஜ்ரங் புனியா இருந்தார். ராஞ்சியில் கன்னத்தில் அறைந்த அதே சம்மேளனத் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு. அவர் எல்லாவற்றையும் மறுத்தார்.

உடனே அந்தக் கேள்வி கிளம்பியது: “இத்தனை பலசாலிகள் ஏன் அப்போதே அடிக்கவில்லை? ஏன் அப்போதே சொல்லவில்லை?” இதைக் கேட்டவர்கள் வில்லன்கள் இல்லை. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் கேட்டார்கள். அவர்களுக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மல்யுத்தத்தில் ஓர் எடைப் பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் ஒலிம்பிக் போக முடியும். யார் போவது என்பதற்கான தேர்வுப் போட்டியை எப்போது, எங்கே, எந்த விதியில் நடத்துவது என்பதைச் சம்மேளனம் முடிவு செய்கிறது. வெளிநாட்டுப் போட்டிக்குப் பெயர் அனுப்புவதும் தேசிய முகாமுக்கு அழைப்பதும் சம்மேளனம்தான். உடன் வரும் பயிற்சியாளர், பிசியோ யார் என்பதற்கும் அதன் தயவு வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை என்று நோட்டீஸ் அனுப்புவதும் அதுவே. டோக்கியோ முடிந்த கையோடு வினேஷை சஸ்பெண்ட் செய்தது அதே சம்மேளனம். மல்யுத்தப் பெண்ணின் உச்சக் காலம் பத்து வருஷம் இருந்தால் அதிகம். அதில் இரண்டு வருஷம் முகாமுக்கு வெளியே நிறுத்திவிட்டால் கதை முடிந்தது. நிலத்தை விற்று, எருமை வாங்கிப் பால் கறந்து ஊட்டிய ஹரியானா விவசாயியின் மகள், தலைவரின் கையைத் தட்டிவிட்டால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடாமல் இருப்பாளா? எங்கள் ஊர்க் கபடிக் கேப்டன் போட்ட அதே கணக்கு அது.

புகார் சொல்ல இடமாவது இருந்ததா? பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. விளையாட்டு நிறுவனம், மைதானம், போட்டி நடக்கும் இடம் எல்லாமே பணியிடம் என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் பல சம்மேளனங்களில் உள்ளகப் புகார்க் குழு முறையாக இல்லை என்ற செய்தி வந்து, 2023 மே மாதம் தேசிய மனித உரிமை ஆணையம் தானே முன்வந்து நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. சட்டம் வந்து பத்து ஆண்டு கழித்து!

போலீசிடம் போனார்களே, என்ன ஆயிற்று? 2023 ஏப்ரல் 21ஆம் தேதி ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் டெல்லி கன்னாட் பிளேஸ் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். பதிவாகவில்லை. உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகு, ஏப்ரல் 28ஆம் தேதிதான் இரண்டு எஃப்.ஐ.ஆர். பதிவாயின. ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள் நடைபாதையில் படுத்துக் கிடந்தும், தலைநகரின் நடுவில் இருந்தும், எஃப்.ஐ.ஆர். பதிவாக உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அப்படியென்றால் பதினாறு வயதில், கேமரா எதுவும் இல்லாத ஒரு முகாமில் இருக்கும் பெண்ணை நோக்கி “ஏன் அப்போதே சொல்லவில்லை” என்று கேட்க நமக்கு வாய் எப்படி வருகிறது?

மே 28ஆம் தேதி புதிய நாடாளுமன்றக் கட்டிடத் திறப்பு. அதை நோக்கி நடந்த வீராங்கனைகளைப் போலீஸ் தரையோடு அழுத்திப் பிடித்து வேனில் ஏற்றியது. அவர்கள் மீதே வழக்கும் போட்டது. இரண்டு நாள் கழித்து, பதக்கங்களைக் கங்கையில் விட அவர்கள் ஹரித்வாருக்குப் போனார்கள். ஜூன் மாதத்தில் டெல்லி போலீஸ் சம்மேளனத் தலைவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2024 மே மாதத்தில் நீதிமன்றம் ஐந்து பெண்களின் புகாரில் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. சிறுமி தொடர்பான போக்சோ வழக்கு போலீஸ் பரிந்துரைப்படி 2025 மே மாதம் முடித்துவைக்கப்பட்டது. இதற்கிடையே 2023 டிசம்பர் 21இல் சம்மேளனத் தேர்தல் நடந்தது. பழைய தலைவருக்கு நெருக்கமானவரே ஜெயித்தார். அன்று சாக்ஷி மாலிக் பத்திரிகையாளர்கள் முன்னால் தன் மல்யுத்தக் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு, இனி விளையாடப் போவதில்லை என்று அழுதபடி எழுந்து போனார். உலகின் எந்த எதிராளியும் அவரைக் களத்தைவிட்டு விரட்டவில்லை.

டெக்சஸ் பண்ணை

இது நம் ஊர்ப் பிரச்சினை, நம் அரசியல் என்று ஒதுக்கிவிடலாமா? முடியாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளை ஆண்டுக்கணக்கில் சீரழித்தார். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் ஏழு நாள் தொடர்ந்து 156 பெண்கள் சாட்சி கூறினார்கள். தண்டனை 40 முதல் 175 ஆண்டு. தன்னையும் அவர் சீரழித்ததாக வெளியே சொன்னவர்களில் ஒருவர் சிமோன் பைல்ஸ். காற்றில் உடலை முறுக்கி அவர் இறங்கும் விதத்தைப் பார்த்தவர்கள், அந்த உடலின் வலுவைச் சந்தேகிப்பார்களா?

தேசிய அணியின் முகாம் டெக்சஸ் காட்டுக்குள் ஒரு பண்ணையில் நடந்தது. பெற்றோருக்கு அங்கே அனுமதி இல்லை. சாப்பாடு கண்காணிக்கப்பட்டது, பயிற்சியாளர்கள் கடுமையானவர்கள். பசியில் கிடந்த சிறுமிகளுக்கு ஒளித்துத் தின்பண்டம் கொடுத்து, அன்பாகப் பேசிய ஒரே பெரியவர் அந்த மருத்துவர் என்று பிற்பாடு அவர்கள் சொன்னார்கள். மதில் எழுப்பி, பெற்றவர்களை வெளியே நிறுத்தி, பயத்தை உணவாக்கிய இடத்தில் குற்றவாளிக்கு உடல்பலமே தேவைப்படவில்லை.

பிறகு மேகி நிகோல்ஸ் என்ற வீராங்கனை பேசியது ஒரு பயிற்சியாளர் காதில் விழுந்து, 2015 ஜூனில் சம்மேளனத்துக்குச் செய்தி போனது. ஜூலையில் எஃப்.பி.ஐ.க்குப் போனது. எஃப்.பி.ஐ. அதிகாரிகள் கிடப்பில் போட்டார்கள். செய்தித்தாள் ஒன்று 2016இல் வெளிக்கொண்டுவரும்வரை அந்த மருத்துவர் வேலையில் இருந்தார். அந்த இடைவெளியில் மட்டும் எழுபதுக்கும் குறையாத பெண்கள் பாதிக்கப்பட்டார்கள் என்று அமெரிக்க நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் 2021இல் தன் அறிக்கையில் குறிப்பிட்டார். அந்த எழுபது பேரைக் காப்பாற்ற உடல்பயிற்சி தேவைப்படவில்லை; ஒரு கோப்பு நகர்ந்திருந்தால் போதும்.

எதிர்வாதங்களுக்குப் பதில்

“பணமும் புகழும் சேர்ந்தால் தலைகால் புரியாது; அதுதான் காரணம்” என்பார்கள். பாதி உண்மை இருக்கிறது. ஆனால் புகழ் தானாகக் கெடுப்பதில்லை. புகழுக்கு முன்னால் மற்றவர்கள் வாயை மூடும்போதுதான் கெடுக்கிறது. 2014 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸ், மயங்கிக் கிடந்த தன் வருங்கால மனைவியை லிஃப்டிலிருந்து இழுத்து வரும் காட்சி வெளிவந்தது. போட்டிகளை நடத்தும் லீக் அவருக்குக் கொடுத்த தண்டனை இரண்டு ஆட்டம் விளையாடக் கூடாது என்பது. செப்டம்பரில், லிஃப்டுக்குள் அவர் குத்துவிடும் காட்சியும் வெளிவந்தது. அன்றே அணி அவரை நீக்கியது. லீக் காலவரையின்றித் தடை செய்தது. குற்றம் அதேதான். இடையில் மாறியது ஒன்றுதான்: ஊர் பார்த்துவிட்டது. ஊர் பார்க்காதவரை குற்றத்தின் விலை இரண்டு ஆட்டம் என்று முடிவு செய்தவர்கள் கோட்டு போட்ட நிர்வாகிகள்.

“தலையில் அடிபட்டு மூளை கெட்டால் என்ன செய்ய?” என்பது அறிவியல் பேசுகிறவர்களின் கேள்வி. கொலைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டு 2017இல் சிறையில் இறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் ஏரன் ஹெர்னாண்டஸின் மூளையில், தொடர் அடிகளால் வரும் கடும் சிதைவு இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அப்போது அவருக்கு வயது 27. இதை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அந்தச் சிதைவுதான் கொலைக்குக் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அதே ஆட்டம் ஆடியவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொன்றதில்லை. தலையடியின் ஆபத்தை வீரர்களிடம் மறைத்தார்கள் என்று ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் லீக் மீது வழக்குப் போட்டு இழப்பீடு பெற்றதும் வரலாறு. உடலைப் பற்றிய இந்தக் கேள்வியும் கடைசியில் நிர்வாகத்தின் வாசலில்தான் கொண்டுபோய் விடுகிறது.

“பொய்ப் புகாரில் ஒரு வீரனின் வாழ்க்கை பாழாகாதா?” நியாயமான அச்சம். இலங்கை அணியின் தனுஷ்க குணதிலக 2022 நவம்பரில், டி20 உலகக் கோப்பைக்காகப் போன இடத்தில், சிட்னியில் பாலியல் வழக்கில் கைதானார். இலங்கை கிரிக்கெட் வாரியம் உடனே சஸ்பெண்ட் செய்தது. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்று விடுவித்தது. வாரியமும் தடையை நீக்கியது. பதினோரு மாதத்துக்குள். புகார் கொடுத்தவர் கேட்கப்பட்டார், குற்றம் சாட்டப்பட்டவரும் கேட்கப்பட்டார், தீர்ப்பு வந்தது. நான் கேட்பதும் இதைத்தான். விரைந்த, வெளிப்படையான விசாரணைதான் நிரபராதியான வீரருக்கும் காப்பு. இழுத்தடிப்பது குற்றவாளிக்கு மட்டுமே லாபம்.

“வெளியே பேசினால் நாட்டுக்குத் தலைகுனிவு” என்பது எல்லாவற்றையும்விடக் கொடிய வாதம். 2023 ஏப்ரலில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர் பி.டி. உஷாவே, வீரர்கள் தெருவுக்கு வந்தது ஒழுங்கீனம், நாட்டின் பேருக்குக் களங்கம் என்ற பொருளில் பேசினார். பிறகு அவர் போராட்டக் களத்துக்குப் போய்ப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த முதல் சொல் ஏற்படுத்திய காயம் பெரிது. பையோலியின் கடற்கரை மணலில் ஓடி உலகத்தை எட்டிய ஒரு பெண்ணே அப்படிச் சொன்னால், கிராமத்து மைதானத்தில் ஓடும் சிறுமி யாரை நம்பிப் பேசுவாள்? தலைகுனிவு குற்றத்தில் இருக்கிறது. அதைச் சொல்லும் வாயில் இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. சம்மேளனங்களைக் கண்காணிக்க ஒரு வாரியம், தகராறுகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம், வீரர்களின் பாதுகாப்புக்கு ஒரு கொள்கை என்று அது பேசுகிறது. வரவேற்கிறேன். 2013 சட்டத்துக்கு நேர்ந்த கதி இதற்கும் நேராமல் இருக்க வேண்டுமானால் சில ஏற்பாடுகள் உறுதியாக வேண்டும். அணிப் பட்டியல் எழுதுகிறவர் கையில் புகார்ப் பெட்டியின் சாவி இருக்கக் கூடாது; புகாரை விசாரிப்பவர் சம்மேளனத்துக்கு வெளியே இருக்க வேண்டும். புகார் கொடுத்தவரின் தேர்வுப் போட்டியையும் முகாம் இடத்தையும் விசாரணை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. சிறுவர் சிறுமியரோடு பயிற்சியாளரோ மருத்துவரோ தனித்திருக்கும் சூழல் எப்போதும் இன்னொருவர் கண்ணில் படும்படி அமைய வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பதக்கம் வென்றவரானால், சாட்சிகளுக்குக் கூடுதல் காவல் வேண்டும். அவருக்குக் கூடுதல் சலுகையும் வேண்டாம், கூடுதல் தண்டனையும் வேண்டாம்.

இது டெல்லிக்கும் டெக்சஸுக்கும் மட்டும் சொல்லும் புத்தி அல்ல. 2021 மே மாதம் சென்னையிலேயே, பல ஆண்டாக வீராங்கனைகளைப் பயிற்றுவித்த ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைதானார். ஒரு பெண் வாய் திறந்ததும் அவரிடம் பயின்ற வேறு சிலரும் பேச முன்வந்தார்கள். அந்தப் பெண்கள் வேகமாக ஓடக் கூடியவர்கள். ஓட முடியாத இடத்தில் அவர்களை நிறுத்தியிருந்தார்கள்.

பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஷூ எங்கே வாங்குவது, முட்டை எத்தனை கொடுப்பது என்று பயிற்சியாளரிடம் கேட்கிறீர்கள். அதே நாளில் இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே புகார்க் குழுவில் இருப்பவர்கள் யார் யார்? அவர்களுடைய தொலைபேசி எண் சுவரில் எங்கே ஒட்டியிருக்கிறது? பயிற்சி நேரத்தில் நான் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்கு “முடியாது” என்று பதில் வந்தால், அந்த மைதானம் எத்தனை பதக்கம் வாங்கித் தந்திருந்தாலும் சரி, உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.